விளையாடினவர்களே வரைந்து தந்த விளம்பரம்

யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவான் துறையிலிருந்து தீவுகளுக்குச் சாமான் ஏற்றி இறக்குவதை வைத்து நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு போர்ட் கேம், அதாவது பலகை விளையாட்டு, செய்தோம். பலகையில் நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு காற்று அட்டை. தென்மேற்குக் காற்றான சோளகம் விழுந்தால் வள்ளம் துறையை விட்டு வெளிக்கிடாது. கேம் செய்யும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "எப்படி அக்கா வித்தனீங்கள்?" என்றுதான். அதனால் அந்தப் பகுதியை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் பெட்டியை வடிவாகப் படம் பிடித்து முகநூலில் போட்டோம். வாழ்த்து நிறைய வந்தது, ஓடர் வரவில்லை. நிலைமை மாறியது நெடுந்தீவில் உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளையால். கேமை விளையாடிவிட்டு, தானாகவே கொப்பித் தாளில் ஒரு வாடைக்காற்று அட்டை வரைந்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். வள்ளம் ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது. ஓர் ஆச்சி மா மூட்டையைக் கட்டிப் பிடித்திருக்கிறார். பக்கத்தில் ஒரு பெடியன் வாந்தி எடுக்கச் சொப்பிங் பையை விரித்துப் பிடித்திருக்கிறான். கீழே விதி: "சத்தி எடுத்தவர் இந்தச் சுற்று முழுக்கக் கதைக்கக் கூடாது." அந்தக் கடலால் போய்வந்த எவருக்கும் இதற்கு மேல் விளம்பரம் தேவையில்லை. எங்கள் பெட்டிப் படம் என்ன விற்கிறோம் என்று காட்டியது. மேசையைச் சுற்றி இருந்து விளையாடினால் என்ன நடக்கும் என்பதை அவள் படம் காட்டியது.

உடனே போடுவம் என்றான் எங்களில் இளையவன். "அவள் எங்களுக்குத்தானே அக்கா அனுப்பினவள்." கேட்காமல் போடுவதில்லை என்று நான் நின்றேன். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வரைந்த கணத்திலேயே பதிப்புரிமை வரைந்தவருக்குச் சேர்ந்துவிடும். பதிவு தேவையில்லை. அவர் வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டும் அது இருக்கும். பெயரைப் போடச் சொல்லும் உரிமையும், படத்தைச் சிதைக்க வேண்டாம் என்று மறிக்கும் உரிமையும் வேறாக உண்டு. எங்களுக்கு அனுப்பியதால் அது எங்களுடையது ஆகிவிடாது. அதோடு அவளுக்கு 18 வயது நிரம்பவில்லை. அவளோடும் தாயோடும் கதைத்தோம்.

அதற்காகத்தான் ஒரு பக்கத்தில் தமிழில் ஓர் அனுமதிப் படிவம் எழுதினோம். இதில்தான் நேரம் போனது, போகவும் வேண்டும். எந்தப் படம், எங்கே போடுவோம், எவ்வளவு காலத்துக்கு, பெயர் எப்படி வர வேண்டும், வேண்டாம் என்று தோன்றினால் யாருக்குச் சொல்வது, இவ்வளவும் அதில் இருக்கிறது. பெட்டிக்குள் அச்சடிப்பதென்றால் அது வேறு ஒப்பந்தம், வேறு காசு. போட்டி வைத்து "வந்த படமெல்லாம் எங்களுக்கே சொந்தம்" என்று எழுதும் பழக்கம் பல இடங்களில் உண்டு. பிள்ளைகளின் உழைப்பை அப்படி வழித்தெடுப்பது எனக்குப் பிடிக்காது. அந்த வரி எங்கள் படிவத்தில் வராது.

எழுதுவதற்கு முன் பெரிய நிறுவனங்கள் செய்ததைப் பார்த்தோம். வோர்ஹாமர் கேம்களைச் செய்யும் கேம்ஸ் வேர்க்ஷொப் 2021இல் ரசிகர்கள் செய்யும் அனிமேஷன்களுக்கு இடமே இல்லை என்று அறிவித்து, தன்னை நேசித்தவர்களையே கோபப்படுத்தியது. டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாட்டை வைத்து மற்றவர்களும் எழுதி விற்கலாம் என்று 2000ஆம் ஆண்டிலேயே கொடுத்திருந்த திறந்த உரிமத்தை அதன் நிறுவனம் மாற்றப் போகிறது என்பது 2023 ஜனவரியில் வெளியே வந்தபோது எழுந்த எதிர்ப்பில், அந்த மாதம் முடிவதற்குள் அடிப்படை விதிகளை, யாரும் பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளியிட வேண்டி வந்தது. அதை வாசித்தபின் எங்கள் படிவத்தில் ஒரு வரி சேர்த்தோம்: ஒப்பமிட்ட பிறகு நிபந்தனைகளை நாங்கள் ஒருதலையாக மாற்ற மாட்டோம்.

காசு விஷயத்தில் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. சந்தோசமாகத் தருகிறார்கள், ஏன் கொடுக்க வேண்டும் என்பது ஒரு பக்கம். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் டீம் ஃபோர்ட்ரஸ் 2 என்ற கேமுக்கு ரசிகர்கள் செய்த தொப்பி, ஆயுதங்கள் விற்றபோது வால்வ் நிறுவனம் செய்தவருக்கு 25 சதவீதம் கொடுத்தது. டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸுக்கு ரசிகர்கள் எழுதுவதை விற்க 2016இல் தொடங்கிய டன்ஜன் மாஸ்டர்ஸ் கில்ட் தளத்தில் எழுதியவருக்குப் பாதி. கவுண்டர் ஸ்ட்ரைக் கேமே 1999இல் வால்வின் ஹாஃப் லைஃப் கேமை வைத்து விளையாட்டுக்காரர் இருவர் செய்த மாற்றம்தான். வால்வ் அவர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டு கேமை வாங்கியது. இவற்றைக் காட்டினேன். முகநூலில் போட்டால் பெயரும் ஒரு பெட்டியும், பனரில் அடித்தால் காசு என்று முடிவாயிற்று.

பிறகு வந்ததெல்லாம் ஒழுங்காகப் பார்த்துத்தான் எடுத்தோம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு மாணவன் நல்ல வீடியோ ஒன்று செய்திருந்தான், பின்னணியில் சினிமாப் பாட்டு. பாட்டுக்கு அவனால் அனுமதி தர முடியாது. வள்ளத்தின் இஞ்சின் சத்தத்தைப் பதிந்து போடச் சொன்னோம், அது பாட்டை விட நன்றாக வந்தது. நயினாதீவுக் கோயிலோடு வரைந்த ஒரு படத்தை, வணக்கத்துக்குரியதை விற்பனைக்கு வைக்க விருப்பமில்லை என்று வரைந்தவருக்கே சொல்லி விட்டுவிட்டோம். இரண்டு பேர் விளையாட ஒருவர் எழுதிய விதிகளும் வந்தன. முன்னூற்று நாலு என்ற சீட்டாட்டம் விளையாடும் ஊரில் வீட்டுக்கு வீடு விதி மாறுவது புதினமில்லை. விதி என்ற யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை எழுதிய வசனங்களுக்கு உண்டு. வசனங்களைத் தொடாமல் அவர் பெயரோடு வெளியிட்டோம். எழுத்துப் பிழை திருத்துவதென்றாலும் கேட்டோம்.

யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடந்த வர்த்தகக் கண்காட்சியில் எங்கள் மேசைக்குப் பின்னால் வாடை அட்டையைப் பனராக அடித்துக் கட்டினோம். கணினியில் வரைந்து மினுக்கச் சொன்ன அச்சகத்துத் தம்பியைத் தடுத்து, கொப்பிக் கோடுகள் தெரியவே அடித்தோம். கடந்து போன சனம் நின்று சிரித்தது, தங்கள் கடல் கதையைச் சொன்னது, பிறகு பெட்டியைக் கையில் எடுத்தது. கனடாவிலும் லண்டனிலும் இருந்து கேட்டவர்களும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கேட்டார்கள். தபால் செலவு கேமின் விலையோடு போட்டி போட்டதால் எல்லாருக்கும் அனுப்ப முடியவில்லை.

இரண்டாவது பதிப்பில் அவள் அட்டை பெட்டிக்குள்ளேயே வருகிறது, தனி ஒப்பந்தத்தோடு, அவள் பெயர் மூலையில். கிழக்குக் காற்றான கொண்டலின் அட்டையையும் வரையக் கேட்டிருக்கிறோம். இதே கேமைக் கைபேசிக்கும் செய்கிறோம், அதில் ஆட்கள் தாங்களே காற்று அட்டை செய்து பகிர ஒரு வசதி வைக்கிறோம். அதைச் செய்வதற்கு முன் அந்தப் படிவத்தையும் கைபேசிக்கு ஏற்றபடி திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.