விஷு வருடம், மாசி மகம்: கொள்ளுத்தாத்தாவின் பர்மா கதையை வரிசைப்படுத்திய அனுபவம்

என் கொள்ளுத்தாத்தா பர்மாவிலிருந்து நடந்தே ஊர் திரும்பியவர். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். எப்போது போனார், எத்தனை முறை போனார், எந்த வழியாக வந்தார் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். மூன்று மாதமாக அதை ஒரு நோட்டில் வரிசைப்படுத்தி வருகிறேன்.

கையில் இருந்தவை கொஞ்சம்தான். டிரங்குப் பெட்டியில் நான்கு பிள்ளைகளின் ஜாதகங்கள். அப்புறம் அப்பாவும் அத்தைப்பாட்டியும் கேட்டு வளர்ந்த கதைகள். நோட்டில் இரண்டு பத்தி போட்டுக்கொண்டேன். இடப்பக்கம் வீட்டில் நடந்தது, வலப்பக்கம் நாட்டில் நடந்தது.

முதல் முறை வலப்பக்கத்தில் தண்டி யாத்திரை, வெள்ளையனே வெளியேறு என்று பாடப்புத்தகத்தில் படித்ததையெல்லாம் எழுதினேன். இடப்பக்கத்தோடு எதுவும் ஒட்டவில்லை. ரங்கூன் கிட்டங்கியில் (செட்டியார் வட்டிக்கடைகள் நடந்த கட்டடம்) அடுத்தாளாக, அதாவது ஏஜெண்டுக்கு உதவியாளாக, இருந்த கொள்ளுத்தாத்தாவின் நாளை எது மாற்றியிருக்கும் என்று யோசித்த பிறகுதான் வழி கிடைத்தது. நெல் விலை, கலவரம், கப்பல். இவை மூன்றையும் மட்டும் தேடினேன்.

1930ல் உலகமெங்கும் மந்தம் வந்து பர்மாவில் நெல் விலை சரிந்தது. கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் வட்டிக்கடைக்காரர்கள் கைக்குப் போனது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் சுமார் 6 சதவீத நிலமே செட்டியார் கடைகளிடம் இருந்தது. 1938ல் அது 25 சதவீதம். "காசு வரவில்லை, நிலம்தான் வந்தது" என்று கொள்ளுத்தாத்தா சொல்வாராம். ஏதோ லாபக் கதை என்று நினைத்திருந்தேன். நிலம் இழந்தவர்களின் கோபத்துக்கு நடுவே உட்கார்ந்து கணக்கு எழுதியவர் சொன்னது அது. 1930லும் 1938லும் ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிராகக் கலவரம் நடந்ததையும் பக்கத்தில் எழுதிய பிறகு அந்த வாக்கியம் வேறு மாதிரி கேட்கிறது.

அடுத்து ஜாதகங்கள். பிரமோதூத, பவ, வெகுதானிய, விஷு. ஆங்கிலக் கணக்கில் 1930, 1934, 1938, 1941 என்று எழுதினேன். நான்கு வருடத்துக்கு ஒரு பிள்ளை. இடையில் குழந்தைகள் இறந்திருக்கும் என்றுதான் வீட்டில் பேச்சு. ஆனால் கிட்டங்கி வேலைக்குத் தவணை மூன்று வருடம். அது முடிந்தால் சில மாதம் ஊர், பிறகு மறுபடி கப்பல். அவர் வந்து போன காலம்தான் பிள்ளைகளின் வயதில் பதிந்திருக்கிறது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கடைசி ஆண்டு மட்டும் இடித்தது. அந்த இடைவெளி மூன்று வருடம்தான். பிறகுதான் என் தவறு தெரிந்தது. தமிழ் வருடம் சித்திரையில் தொடங்குகிறது. ஆகவே தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். அத்தைப்பாட்டி பிறந்தது விஷு வருடம் மாசி மகம். அது 1941 அல்ல, 1942 மார்ச் தொடக்கம். ஜாதகம் பார்த்து வருடம் மாற்றுகிறவர்கள் இதை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு வாரம் வீணானது.

இந்த ஒரு திருத்தம் கதையையே மாற்றிவிட்டது. 1941 கோடையில் அவர் ஊரில் இருந்திருக்க வேண்டும். அந்த ஜூனில் இந்திய-பர்மா குடிவரவு ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஜூலையிலிருந்து புதிதாகப் போகிறவர்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. அந்த அவசரத்தில்தான் கர்ப்பிணி மனைவியை விட்டுக் கப்பல் ஏறினாரோ என்று தோன்றுகிறது. இதைப் பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன்.

1941 டிசம்பர் 23ல் ரங்கூன் மீது ஜப்பானின் முதல் குண்டுவீச்சு. கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும். "மறுநாளே கிளம்பினார்" என்பது வீட்டுக் கதை. வந்து சேர்ந்தது சித்திரபானு ஆடியில், அதாவது 1942 ஜூலை-ஆகஸ்டில். ஏழு மாதம் எப்படி ஆகும்? முதல் குண்டுக்குப் பிறகு, ரங்கூனிலிருந்து வடக்கே போகும் புரோம் சாலையில் ஓடிய இந்தியர்களில் பலரைச் சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். துறைமுக நகரம் நடக்க ஆள் வேண்டுமே. அவரும் திரும்பிப் போய், இரண்டாம் முறை கிளம்பியிருக்கலாம். இதுவும் பென்சில்தான்.

வழியைக் கண்டுபிடிக்க ஒரு சொல் உதவியது. "மணிப்பூர் ரோட்டில் ரயில் ஏறினார்." சாலையில் ஏது ரயில் என்று குழம்பினேன். இன்றைய நாகாலாந்தில் இருக்கும் திமாப்பூர் ஸ்டேஷனுக்கு அப்போது அதுதான் பெயர். அப்படியானால் பர்மா எல்லையில் உள்ள தமு, மணிப்பூரின் இம்பால் வழி. மே மாதத்துக்குப் பிறகு அங்கே மழை, சேறு, காலரா, மலேரியா. பர்மாவை விட்டு வந்த இந்தியர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். வழியில் இறந்தவர்கள் பல்லாயிரம்.

இதையெல்லாம் எழுதி முடித்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். அத்தைப்பாட்டி பிறந்து ஒரு வாரத்துக்குள், மார்ச் 8ல், ரங்கூன் ஜப்பானியர் வசமானது. அப்பனை ஆபத்தில் தள்ளப் பிறந்தவள் என்று அவரைச் சின்ன வயதிலிருந்தே சொல்லியிருக்கிறார்கள். நல்ல காரியங்களில் பின்னால் நிற்க வைத்திருக்கிறார்கள். எனக்கு இது தெரியும், ஆனால் தேதிகளோடு சேர்த்துப் பார்த்ததில்லை.

போன ஞாயிறு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு இப்போது 83. விஷு மார்கழி, விஷு மாசி என்று தமிழ் மாதத்திலேயே வாசித்துக் காட்டினேன்.

"ஏப்பா, அப்ப நான் பொறக்குறதுக்கு முந்தியே குண்டு விழுந்திருச்சா?"

"ஆமாம் பாட்டி. இரண்டு மாதத்துக்கும் முந்தி."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்தப் பக்கத்தைப் பெரிய எழுத்தில் தனித்தாளில் எழுதித் தரச் சொன்னார். மார்கழி வரியை மேலே, மாசி வரியைக் கீழே எழுதிக் கொடுத்தேன். மடித்து, தன் ஜாதகத்துக்குள் வைத்துக்கொண்டார்.