குளக்கரை, 60 × 75 செ.மீ.: ஒரு அரூப ஓவியத்தின் வேலைக் குறிப்பு

ஜூலை 4
காலை 6.15. ராத்திரி மழை விட்டிருக்கிறது, காற்றில்லை. குறிப்புப் புத்தகத்தில் தீப்பெட்டி அளவில் ஆறு கட்டங்கள். கட்டத்துக்கு மூன்று நிமிடம், மிருதுவான 6பி பென்சில், மூன்றே டோன் (வெளிச்ச அளவு): தாளின் வெள்ளை, நடுச் சாம்பல், அடர் கறுப்பு. நான்காவது டோனுக்கு இடம் கொடுத்தால் இலை வரும், இலைக்குப் பின்னால் கிளை வரும். அப்புறம் அது மரத்தின் படம்தான்; எனக்கு வேண்டியது வடிவமும் நிறமும் மட்டும். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் எதிர்க்கரை மரங்களும் தண்ணீரில் அவற்றின் பிம்பமும் ஒரே கறுப்புப் பட்டையாக ஒட்டிக்கொள்கின்றன. அந்தப் பட்டை போதும்.

தண்ணீரில் அடர்ந்த மரம் கொஞ்சம் வெளிறி விழுகிறது, வெளிர் வானம் கொஞ்சம் மங்கி விழுகிறது. இதை அங்கேயே எழுத்தில் குறித்துக்கொள்வது நல்லது. போட்டோவை நம்பினால் நிழலெல்லாம் ஒரேயடியாகக் கறுத்து நிற்கும்.

ஜூலை 5
ஆறில் நான்கு தேறவில்லை. நான்கிலும் கோடு நடுவில். கேன்வாஸில் குறுக்கே எந்தக் கோட்டை இழுத்தாலும் கண் அதை அடிவானம் என்றே எடுத்துக்கொள்ளும். அது நடுவில் இருந்தால் மேல் பாதியும் கீழ் பாதியும் சண்டை போடும். ஐந்தாவது கட்டத்தில் பட்டை மேலிருந்து ஐந்தில் ஒரு பங்கில் தொடங்குகிறது. கேன்வாஸை 75 செ.மீ. உயரமாக நிறுத்தினால் அது 15 செ.மீ.; மீதி அறுபதும் பெரும்பாலும் தண்ணீர். உயரவாக்கில் நிறுத்தியதிலேயே பாதி வேலை முடிந்தது, காட்சி சட்டென்று பிடிபடாது. பட்டையை வலப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு அறுத்துவிட்டால் கரை என்ற எண்ணமும் தளரும்.

ஜூலை 6
ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு முன் துணியில் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) மூன்று பூச்சு, குறுக்கும் நெடுக்குமாக. கடைசிப் பூச்சு நன்றாகக் காய்ந்ததும் 320 உப்புத்தாள்.

ஜூலை 7
அக்ரிலிக்கில் முதல் படலம்: யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), மேட் மீடியம் (பளபளப்பில்லாத அக்ரிலிக் பிசின்), தண்ணீர். வெறும் தண்ணீரை அள்ளி ஊற்றக் கூடாது. பிசின் மெலிந்தால் நிறமிக்குப் பிடிப்பில்லை, அடுத்த ஈர பிரஷ் பட்டதும் எழும்பும். கேன்வாஸைத் தரையில் படுக்கவைத்துப் பூசியதில் நடுவே குட்டை தேங்கிவிட்டது. துணி தொய்ந்திருக்கிறது, பின்பக்க மூலை ஆப்புகளைத் தட்டி இறுக்கிவிட்டுத்தான் ஆரம்பித்திருக்க வேண்டும். குட்டையின் விளிம்பு முதலில் காய்வதால் நிறமி அங்கே போய்ச் சேர்ந்து, தேநீர்க் கறை மாதிரி வளையம் கட்டிவிட்டது.

அமெரிக்க அரூப ஓவியர் ஹெலன் ஃப்ராங்கென்தாலர் 1952-இல் ‘மலைகளும் கடலும்’ ஓவியத்தை ஜெஸ்ஸோ பூசாத துணியில், மெலிதாகக் கரைத்த எண்ணெய் வண்ணத்தை ஊறவிட்டு வரைந்தார். பரவல் அற்புதம். ஆனால் எண்ணெய் கசிந்து நிறத்தைச் சுற்றி வளையமிடும், நாளடைவில் துணியையும் இற்றுப்போகச் செய்யும். ஊறவைக்க ஆசையிருந்தால் அக்ரிலிக்கே மேல்.

ஜூலை 9
பட்டைக்கு டியூப் கறுப்பு வேண்டாம், செத்துக் கிடக்கும். அல்ட்ராமரின் நீலம் மூன்று பங்கு, பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு இரண்டு. அதிலேயே டைட்டானியம் ஒயிட் என்ற வெள்ளையைச் சேர்த்தால் தண்ணீருக்கான சாம்பல். நீலம் கூடினால் குளிரும், சியன்னா கூடினால் சூடேறும். அல்ட்ராமரினுக்குப் பதில் தாலோ ப்ளூ என்ற வீரியமான நீலத்தைப் போட்டால் கடுகளவே மொத்தக் கலவையையும் விழுங்கிவிடுகிறது.

அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி அடர்த்தி கூடும். ஈரத்தில் பால்போல் இருக்கும் பிசின் காயும்போது தெளிந்துவிடுவதுதான் காரணம். ஆகவே ஒவ்வொரு சாம்பலையும் தாள் துண்டில் தடவி, காய்ந்த பிறகே முடிவு.

ஜூலை 10
பேலட் கத்தியால் (வண்ணம் கலக்கவும் பூசவும் உதவும் மழுங்கிய தகடு) சாம்பலைக் கீழ்நோக்கி ஒரே இழுப்பு. கத்தியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்தால் வண்ணம் மேட்டில் மட்டும் ஒட்டி, பள்ளங்களில் ஓக்கர் எட்டிப் பார்க்கிறது: நீர்ப்பரப்பின் நடுக்கம் இதுதான். நிமிர்த்திப் பிடித்தால் எல்லாம் வழித்துக்கொண்டு போய்விடும்.

இடப்பக்கம் கெட்டது. மேல்தோல் கட்டத் தொடங்கிய இடத்தில் மறுபடி கத்தி பட்டு, தோல் கிழிந்து சுருள்சுருளாக ஒட்டிக்கொண்டது. அதை ஈரத்தில் சரிசெய்யப் போனால் சேறுதான். ஒருநாள் காயவிட்டு, தேய்த்து மட்டம்பண்ணி, மறுபடி.

ஜூலை 14
இடப்பக்கம் சரியாகிவிட்டது. தலைகீழாக வைத்து, நான்கு மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் பட்டையின் இரண்டு விளிம்பும் கத்தரித்தது போல் கூர்மை, கண் அங்கேயே சிக்குகிறது. கீழ் விளிம்பை உலர்ந்த பிரஷ்ஷால், மிகக் குறைந்த சாம்பலோடு தேய்த்துக் கலைத்தாயிற்று. கூர்மை இப்போது வலப்பக்க வெட்டில் மட்டும்.

ஜூலை 16
பட்டைக்கு மேலே 15 செ.மீ. ஓக்கர் இன்னும் திறந்தே கிடக்கிறது. வானத்துக்கென்று கலந்துவைத்த வெளிர் நீலத்தைத் தாள் துண்டில் தடவி அங்கே ஒட்டிப் பார்த்ததில், தண்ணீரின் சாம்பல் உடனே அழுக்காகத் தெரிந்தது. நீலத்தை டப்பாவில் மூடிவைத்தாயிற்று.