அக்காவுக்கு நத்தாருக்கு என்ன கொடுக்கிறது?

மார்கழி பிறந்தால் போதும், வீட்டோடு ஆள் வைத்துப் பிள்ளை வளர்க்கிற என் சிநேகிதிகள் எல்லாரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். சாறியா, பாத்திரமா, காசா? காசு கொடுத்தால் மரியாதையாக இருக்குமா? என்னுடைய பதில் எப்போதும் ஒன்றுதான். காசைக் கொடுங்கள், நேரத்தோடு கொடுங்கள், அதைக் கொண்டுபோய்ச் செலவழிக்க ஒரு முழு நாள் லீவும் கொடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்கள் வீட்டில் மகனைப் பார்க்கிற அக்கா மன்னார்ப் பக்கம், விடத்தல்தீவுக்குக் கிட்ட. வேதக்காரர். அவருக்கும் இரண்டு பிள்ளைகள், அம்மம்மாவோடு ஊரில் இருந்து படிக்கிறார்கள். நானும் கணவரும் காலையில் கந்தோருக்குப் போனால் திரும்ப ஐந்து மணி தாண்டிவிடும், அதுவரைக்கும் மகனுக்கு எல்லாமே அக்காதான். இராத்திரியில் காய்ச்சல் என்றாலும் அவன் முதலில் தேடுகிறது அவரைத்தான், அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை, அவ்வளவு நம்பிக்கையான மனுசி.

நாங்கள் சைவம். எங்களைப் போன்ற வீடுகளில் தீபாவளிக்கு எல்லாருக்கும் உடுப்பு எடுக்கும்போது பிள்ளை பார்க்கிறவருக்கும் ஒரு சாறி எடுத்துவிட்டு, அதோடு வருசத்துக்கான கணக்கு முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் தீபாவளி அன்றைக்கு அந்த மனுசிக்கு வேலை கூடத்தானே செய்கிறது? விடியவே பிள்ளைக்கு எண்ணெய் வைத்து முழுக வார்க்க வேண்டும், வருகிற சனத்துக்கு நடுவில் அவன் விழாமல் ஓடித் திரிந்து பார்க்க வேண்டும், பலகாரத் தட்டும் தூக்க வேண்டும். அது எங்கள் பெருநாள். அவருடைய பெருநாள் நத்தார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எங்களுக்கு எடுக்கிற கடையிலேயே, எங்களுக்கு எடுக்கிற விலையிலேயே அவருக்கும் எடுங்கள், அது வீட்டு ஆளுக்கு எடுக்கிறது. பெரிதாகக் கொடுக்க இருப்பதை அவருடைய பெருநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சைவக்காரர் என்றால் தீபாவளிக்கு, முஸ்லிம் ஆள் என்றால் நோன்புப் பெருநாளுக்கு.

காசு ஏன் நேரத்தோடு என்று சொல்கிறேன் என்றால், பலர் இருபத்திநாலாம் திகதி பின்னேரம், ஆள் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்குகிற நேரத்தில்தான் என்வலப்பை நீட்டுகிறார்கள். அந்தக் காசை வைத்து அவர் என்ன செய்வார்? கடை பூட்டிவிடும், பஸ் போய்விடும், வீட்டில் இரண்டு பிள்ளைகள் அம்மா என்ன கொண்டுவருகிறா என்று வாசலில் நிற்கும். ஒரு தாய் அந்த இடத்தில் வெறுங்கையோடு, அல்லது நாங்கள் எங்கள் விருப்பத்துக்கு வாங்கிக் கட்டிக் கொடுத்த பொம்மைப் பெட்டியோடு போய் நிற்கக் கூடாது. "பிள்ளைகளுக்கும் நாங்களே உடுப்பு எடுத்துக் கொடுத்துவிட்டோம்" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், ஆனால் எனக்கு அது சரியாகப் படவில்லை. தன் பிள்ளைக்கு நத்தார்ச் சட்டை எடுக்கிற உரிமை தாய்க்குத்தான். பதினொரு மாதமும் எங்கள் பிள்ளைக்குச் சாப்பாடு தீத்துகிறவர், தன் பிள்ளைக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று யோசித்துத் தானே கடையில் நின்று தெரிந்தெடுக்கட்டும். எங்களிடம் வாங்குகிற ஆளாக மட்டும் இல்லாமல், கொடுக்கிற ஆளாகவும் அவர் ஊருக்குப் போக வேண்டும்.

போன வருசம் மார்கழி முதல் கிழமையே கொடுத்துவிட்டு, ஒரு சனிக்கிழமை முழுக்க லீவு என்று சொன்னேன். காலையில் யாழ்ப்பாணம் ரவுனுக்குப் போனவர் பின்னேரம்தான் வந்தார். வந்து எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிக் காட்டினார். மகளுக்கு வெள்ளைச் சட்டை, அவருடைய அம்மாவுக்கு ஒரு சீத்தை, மகனுக்குச் சப்பாத்து. சப்பாத்து அளவு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பேர்ஸைத் திறந்து ஒரு ஈர்க்குத் துண்டை எடுத்தார். முந்தின முறை ஊருக்குப் போனபோது மகன் நித்திரையில் கிடக்க, பாதத்தில் வைத்து அளந்து முறித்த ஈர்க்கு. அதைச் சப்பாத்துக்குள் விட்டு, முன்னால் பெருவிரல் அளவுக்கு மிச்சம் நிற்கிறது என்று எனக்குக் காட்டினார். "வளருற பிள்ளை, பொங்கலுக்குள்ள இறுகிப் போயிடும், அதான் கொஞ்சம் பெரிசா எடுத்தனான்" என்றார். இதை நான் வாங்கியிருக்க முடியுமா?

சரி, எவ்வளவு? என்னைக் கேட்டால் குறைந்தது ஒரு மாதச் சம்பளம். கம்பனிகளில் வேலை செய்கிறவர்கள் வருச முடிவுக்குப் போனஸ் எதிர்பார்க்கிறார்கள், வராவிட்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறார்கள், வீட்டில் இருக்கிறவருக்கு மட்டும் அது ஏன் தர்மமாகிறது? சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், தனி என்வலப்பில் வையுங்கள். முன்பு வாங்கிய கடனில் கழிக்கிற வேலையையும் இந்த நேரத்தில் செய்யாதீர்கள். அரச உத்தியோகத்தரான எங்களுக்குப் பண்டிகை முற்பணம் தருவார்கள், பிறகு மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுவார்கள். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் அப்படியே செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொடுக்கும்போதே, "இது திருப்பித் தாற காசில்லை அக்கா" என்று வாயால் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். கடையிலோ கம்பனியிலோ வேலை செய்கிற ஒருவருக்கு முதலாளி சம்பளத்தில் 12 வீதம் ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டும், நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம். வீட்டு வேலைக்கு இந்தச் சட்டம் இல்லை. இருபது வருசம் பிள்ளை வளர்த்தவரும் கடைசியில் ஒரு சதம் இல்லாமல் ஊருக்குத் திரும்புகிறார். ஆகவே நாங்கள் அந்த 15 வீதத்தையும் கணக்குப் பார்த்து, மாதாமாதம் அவருடைய பெயரில் இருக்கிற வங்கிப் புத்தகத்தில் போடுகிறோம், புத்தகம் அவருடைய கையில்தான். இதைப் பரிசுக் கணக்கில் நான் சேர்க்கவில்லை, நீங்களும் சேர்க்காதீர்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகுதான் பரிசைப் பற்றிக் கதைக்கலாம்.

காசோடு சாமானும் ஏதாவது கொடுக்க ஆசை என்றால் கொடுங்கள், நானும் கொடுக்கிறேன். ஆனால் புடவைக் கடைக்குப் போய் "வேலை செய்யிற ஆளுக்குக் குடுக்க ஒரு சாறி காட்டுங்கோ" என்று கேட்காதீர்கள், உடனே ஒரு மூலையில் இருந்து மலிவுக் கட்டு ஒன்று இறங்கும். எடுக்கிற சாறிக்குத் தையல்கூலியும் சேர்த்துக் கொடுங்கள், பெருநாள் நெருங்கினால் தையல்காரர் பிளவுஸ் துணியைக் கையில் வாங்கவே மாட்டார்கள் என்பதால் அதையும் முன்கூட்டியே பாருங்கள். கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வந்தவர்கள் விட்டுப்போன பழைய உடுப்பு, திகதி முடியப்போகிற சொக்லேட், பாதி போன சென்ற் போத்தல் இதுகளெல்லாம் பெருநாள் பரிசு இல்லை. வேலைக்குப் பாவிக்கிற எதுவும் பரிசு இல்லை. பிள்ளையோடு நிலத்தில் இருந்து எழும்ப வசதியாகச் சோட்டி வாங்கிக் கொடுக்கிறீர்களா, நல்லது, அது வீட்டுச் செலவு.

எங்கள் பிள்ளையின் படத்தைச் சட்டம் போட்டுக் கொடுக்கிற பழக்கமும் ஒன்று இருக்கிறது. தன் பிள்ளைகளை மாதத்தில் ஒருமுறை பார்க்கிற ஒருவர் எங்கள் பிள்ளையின் படத்தைத் தன் வீட்டுச் சுவரில் மாட்டினால், அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும்? அக்காவின் மகள் முதல் நன்மை வாங்கின படம், வெள்ளைச் சட்டையும் முக்காடும் கையில் மெழுகுதிரியுமாக, அவருடைய கண்ணாடி வெடித்த போனுக்குள் மட்டும்தான் கிடந்தது. அவரிடம் கேட்டு அதை ஸ்டூடியோவில் பெரிதாக அடித்துச் சட்டம் போட்டுக் கொடுத்தோம். பெரிய செலவு இல்லை. இப்போது அது ஊரில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது என்று சொன்னார்.

"என்ன வேணும் அக்கா?" என்று நேரே கேட்டால் எந்த அக்காவும் "ஒண்டும் வேண்டாம் பிள்ளை, நீங்கள் தாறதே போதும்" என்றுதான் சொல்லுவார். அப்படிக் கேட்காமல், ஊரில் நத்தாருக்கு என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். நான் அப்படிக் கதை கொடுத்தபோதுதான், அவருடைய அம்மா முன்பெல்லாம் கேக் அடித்து அயலுக்கெல்லாம் கொடுப்பா, சாமான் விலை ஏறின பிறகு விட்டுவிட்டா என்று தெரிந்தது. இந்த முறை கஜு, பிளம்ஸ், ரவை, பட்டர், ஒரு தட்டு முட்டை எல்லாம் நான் வாங்கிக் கட்டுகிறேன். முட்டையைப் பஸ்ஸில் எப்படிக் கொண்டுபோகிறது என்று அவருக்கு இப்போதே யோசனை!

பயணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்ததால் பூநகரி வழியாக நேரே மன்னார் பஸ்ஸில் போய் இறங்கலாம், இல்லாவிட்டால் வவுனியா சுற்ற வேண்டும். ஆனாலும் இருபத்திநாலாம் திகதி சனத்துக்குள் பொதிகளோடு ஏறுவது பெரிய பாடு, மாரி மழை வேறு. நடுச்சாமப் பூசைக்கு அவர் குளித்து வெளிக்கிட்டுக் கோயிலுக்குப் போக வேண்டும் என்றால் இருபத்திரண்டே விட்டுவிடுங்கள், பஸ் காசையும் கொடுத்து ஸ்ராண்டில் கொண்டுபோய் ஏற்றிவிடுங்கள். ஆங்கில வருசப்பிறப்பு முடிந்து வரட்டும், அந்த நாட்களுக்குச் சம்பளம் வெட்டாதீர்கள்.

போன பிறகு போன் எடுக்காதீர்கள். பாணி மருந்து எத்தனை மில்லி, எந்தப் பாட்டுக்கு நித்திரை கொள்வான், நீலக் கோப்பை எங்கே, இதையெல்லாம் அவர் இருக்கும்போதே கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் வைத்துவிடுங்கள். பிள்ளை இரண்டு நாள் அழுவான், அவனைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியது நாங்கள்தான்.