பெட்ஸ்கோவ் கோட்டை: கோமாளி கதையை விடுங்கள், ஸ்டிபோரைப் பாருங்கள்

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். ஸ்லோவாகியாவின் நோவே மேஸ்டோ ரயில் நிலையத்திலிருந்து பெட்ஸ்கோவ் கிராமம் சில கிலோமீட்டர்தான். அதற்கு டாக்ஸிக்காரர் 20 யூரோ கேட்டார். பிராட்டிஸ்லாவாவிலிருந்து வந்த ரயிலுக்கே அவ்வளவு ஆகவில்லை! முடியாது என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நின்றேன். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸைப் பற்றி என்ன சொல்ல, காய வைத்துவிட்டார்கள்.

ஆனால் அந்தப் பாறையைப் பார்த்ததும் கோபமெல்லாம் போய்விட்டது. கிராமத்தின் நடுவே செங்குத்தாக நிற்கிறது. பாறை எங்கே முடிகிறது, மதில் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்லவே முடியவில்லை. சுவரைத் தொட்டால் விரலில் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது.

எல்லோரும் சொல்லும் கதை, பெட்ஸ்கோ என்ற கோமாளி கேட்டதற்காகப் பிரபு இதைக் கட்டிக் கொடுத்தார் என்பது. அதற்கு நூறு வருடம் முன்பே இங்கே கோட்டை இருந்தது. உண்மையில் நடந்ததுதான் எனக்குப் பெரிய கதை.

அந்தப் பிரபு ஸ்டிபோர், போலந்து நாட்டு வீரர். இந்தப் பகுதி அப்போது ஹங்கேரி ராஜ்ஜியம். 1387-இல் அரியணை ஏறிய சிகிஸ்மண்டும் லக்சம்பர்க் வம்சத்து வெளியூர்க்காரர்தான். உள்ளூர்ப் பிரபுக்களை நம்ப முடியாத ராஜாவுக்கு, தன்னைத் தவிர வேறு பிடிமானம் இல்லாத ஆள் தேவைப்பட்டார். அடுத்த வருடமே பெட்ஸ்கோவ் ஸ்டிபோர் கைக்கு வந்தது. 1395-இல், அதே ராஜ்ஜியத்தின் கிழக்குப் பகுதியான திரான்சில்வேனியாவின் ஆளுநர். 1401-இல் வெளிநாட்டு ஆலோசகர்களைத் துரத்தச் சொல்லி உள்ளூர்ப் பிரபுக்கள் ராஜாவையே சிறை வைத்தார்கள். அப்போதும், 1403 கலகத்திலும், ஸ்டிபோர் ராஜா பக்கமே நின்றார். வாஹ் ஆற்றங்கரை முழுக்கக் கோட்டைகள் சேர்ந்தன. தன்னை வாஹ் முழுவதற்கும் பிரபு என்றே எழுதிக்கொண்டார். மேலே ஏறி நின்று அந்தப் பள்ளத்தாக்கைப் பாருங்கள், அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை என்று புரியும். 1414-இல் இறந்தபோது, ஹங்கேரி மன்னர்கள் முடிசூடும் செக்கேஷ்ஃபெஹேர்வார் நகரில் அடக்கம் செய்தார்கள். வந்தேறிக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்? மகனுக்கு ஆண் வாரிசு இல்லை. 1434-இல் அந்த மகனும் இறந்ததும் கோட்டை அவருடைய மருமகன் வீட்டுக்குப் போய்விட்டது. 1729-இல் தீப்பிடித்ததிலிருந்து இடிபாடுதான்.

டிக்கெட் எவ்வளவு, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்றெல்லாம் எழுதத்தான் உட்கார்ந்தேன். அது சீசனுக்கு சீசன் மாறும், போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம் சாப்பாடு. கீழே இறங்கி பிரிண்ட்சோவே ஹலுஷ்கி கேளுங்கள். சின்னச் சின்ன உருளைக்கிழங்கு மாவு உருண்டை, புளிப்பான செம்மறியாட்டுப்பால் சீஸ், மேலே மொறுமொறுவென்று பன்றிக்கொழுப்பு. பன்றி வேண்டாமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு தட்டிலேயே வயிறு நிறைந்துவிடும், ராத்திரிச் செலவு மிச்சம். கூட ஒரு கோஃபோலா, கோலா மாதிரிதான், கொஞ்சம் மூலிகை வாசனையோடு. திரும்பும்போது பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. டாக்ஸி பக்கமே போகாதீர்கள்.