மதகும் மும்படிச் சமன்பாடும்

கும்பகோணத்தில் இருந்தபடி வாய்க்கால் மதகுகளுக்கு ஒரு கணக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். பைத்தான் நிரல்மொழியும், சமன்பாடுகளை எண்ணாக்காமல் குறியீடுகளாகவே தீர்க்கும் அதன் சிம்பை (SymPy) நூலகமும்தான் கருவி. மேட்டூர் திறக்கும் ஜூன் 12 நெருங்கிக்கொண்டிருந்தது. கேட்டிருந்தவர் ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர். போனில் கூப்பிட்டார்.

"தம்பி, மதகுக்கு அடியில தண்ணி ஓடுறத முப்பது வருஷமா பாத்திருக்கேன். உங்க புரோகிராம் விடையே இல்லைங்குதே?"

மதகுக்கு முன்னும் பின்னும் தண்ணீரின் ஆற்றல் ஒன்றே என்று கொண்டால், ஆழம் ஒரு மும்படிச் சமன்பாட்டில் வந்து நிற்கும். ஆற்றலை நீரின் உயரமாக மீட்டரில் அளப்பார்கள். அது 2 மீட்டர், ஒரு மீட்டர் அகலத்துக்கு நொடிக்கு ஏறக்குறைய 2 கனமீட்டர் நீர் என்றால், ஆழத்தை 'ஆ' என்று வைத்து: ஆ³ − 2ஆ² + 0.2 = 0. மூலங்கள் 1.947, 0.348, −0.295. முதலாவது மதகுக்கு முன்னால் தேங்கி நிற்கும் ஆழம், இரண்டாவது அடியில் பாய்ந்து வெளியேறும் ஆழம்; எதிர்மறையான மூன்றாவதுக்கு இங்கே பொருளில்லை. மூன்றும் மெய்யெண்கள்!

0.2ஐ நான் 1/5 என்று பின்னமாகக் கொடுத்திருந்தேன். சிம்பை, மும்படிச் சமன்பாட்டுக்கான பழைய சூத்திரமான கார்டானோ வழியில் துல்லியமான மூலங்களைத் தந்தது. மூன்றிலும் கற்பனை அலகான 'ஐ', அதாவது −1இன் வர்க்கமூலம், இருந்தது. 'ஐ' இருந்தால் அது மெய்யெண் அல்ல, சிக்கலெண், தள்ளிவிடு என்று நான் எழுதிய ஒரு வரி மூன்றையும் தள்ளிவிட்டது. 1572லேயே இத்தாலியக் கணிதர் பொம்பெல்லி காட்டிய சங்கதி இது: எக்ஸ்³ = 15எக்ஸ் + 4 என்பதன் விடை வெறும் 4, ஆனால் சூத்திரத்தில் −121இன் வர்க்கமூலம் வந்து நிற்கும்.

மறுபக்கமும் உண்டு. −8இன் கனமூலத்தைக் கேட்டால் சிம்பை 2·(−1)^(1/3) என்று அப்படியே விட்டுவிடும். அதில் 'ஐ' கண்ணில் படாது, மதிப்போ சிக்கலெண். மெய்யா என்று கேட்டாலும் ஆம், இல்லை என்பதோடு 'தெரியாது' என்ற மூன்றாவது பதிலும் வரும். அதை 'இல்லை' என்று எடுத்துக்கொள்வது பெரிய தவறு.

அந்த வரியை எடுத்துவிட்டு, மூலங்கள் எல்லாம் மெய்யா என்று கெழுக்களிலிருந்தே சொல்லும் தன்மைகாட்டி என்ற எண்ணின் குறியைப் பார்க்கும்படி மாற்றினேன். வாய்க்காலின் தளம் ஒரு மீட்டர் உயர்ந்து ஆற்றல் 1 மீட்டராகக் குறைந்தால் குறி எதிர்மறை; இரண்டு மூலங்கள் உண்மையிலேயே சிக்கலெண்கள். அதையும் அவரிடம் காட்டினேன்.

"அங்க அவ்வளவு தண்ணி போகாது தம்பி. மேல ஏறித்தான் வழி தேடும். அதையே எழுதிக் காட்டச் சொல்லுங்க."

அப்படியே எழுதினேன்.