மொட்டை மாடிக்கு சுண்ணாம்பு அடிச்ச கதையும் தம்பி கட்டுற வீடும்

போன வருஷம் சித்திரையில ஒரு ராத்திரி அம்மா தலையணையைத் தூக்கிட்டு மாடியிலேர்ந்து இறங்கி வந்து ஹால்ல வெறுந்தரையில படுத்துட்டாங்க. மணி ரெண்டு. மேல ரூம்ல ஃபேன் அஞ்சுல ஓடுது, ஆனா வர்ற காத்து அடுப்பு பக்கத்துல நிக்கிற மாதிரி சுடுது. திருச்சி வெயில் தெரிஞ்சவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அம்மாவுக்கு 68 வயசு, பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க, நாலு நாள் தூக்கம் கெட்டா அஞ்சாவது நாள் தலைசுத்தல் வந்துரும். அதனால மறுநாளே ஏசி போட்டுரலாம்னு நானும் தம்பியும் முடிவு பண்ணி ஆளைக் கூப்பிட்டோம்.

ஏசி மாட்ட இடம் பாக்க வந்த பையன் மொட்டை மாடிக்கு போய் பாத்துட்டு வந்து சொன்னான், "அக்கா, மேல தளம் இப்படி கறுத்துப் போய் கெடக்கு, ஒன்றரை டன் போட்டாலும் நிக்காம ஓடும், கரண்ட் பில்லைத்தான் நீங்க பாக்கணும்". விக்க வந்த ஆளே இப்படிச் சொன்னது மனசுல நின்னுபோச்சு.

எங்க வீடு 1994ல கட்டினது. அஞ்சு இஞ்ச் காங்கிரீட் தளம், அது மேல வெறும் சிமெண்ட் பூச்சு. தட்டோடு பதிக்கணும்னு அப்பா நெனச்சாராம், கிரகப்பிரவேசத்துக்குள்ள காசு தீந்துருச்சு. அப்புறம் முப்பது வருஷமா மழையும் பாசியும் பட்டு தளம் கன்னங்கரேல்னு ஆயிருச்சு. கறுத்த சிமெண்ட் மேல விழுற வெயில்ல பெரும்பகுதியை அது குடிச்சுக்கும், பகல் முழுக்க சூட்டை வாங்கி வாங்கி வச்சுக்கிட்டு சாயங்காலத்துக்கு மேல கீழ ரூமுக்குள்ள இறக்கும், அதனாலதான் வெளிய காத்து குளுந்த பிறகும் ராத்திரி ரெண்டு மணிக்கு உள்ள வேகுது. ஏசி போட்டா அந்த தளத்தோடயே ராத்திரி பூரா சண்டை போடணும். வெள்ளையடிச்ச தளம் வெயில்ல பெரும்பகுதியை வந்த வழியே திருப்பி அனுப்பிடும். இதுக்குன்னு விக்கிற பெயிண்ட் இருக்கு, நல்லாவும் இருக்கும், ஆனா எங்க 900 சதுர அடிக்கு கேட்ட விலை ஒத்துவரல. சுண்ணாம்புலயே இறங்கிட்டோம்.

செஞ்சது இதுதான். முதல்ல விரிசலை எல்லாம் கீறி அடைச்சோம், பாசியை இரும்பு பிரஷ் போட்டு தேய்ச்சு கழுவினோம், இந்த வேலைக்கே ஒரு நாள் போச்சு, இதை ஒழுங்கா செய்யலேன்னா மேல என்ன அடிச்சாலும் உரிஞ்சு வந்துரும். 15 கிலோ கல் சுண்ணாம்பை முதல் நாள் ராத்திரியே இரும்பு டிரம்ல ஊறப்போட்டு மறுநாள் வடிகட்டி, அதோட 2 கிலோ வெள்ளை சிமெண்டும் 1 கிலோ பெவிகாலும் கலந்துக்கிட்டோம். சுண்ணாம்புல தண்ணி பட்டதும் கொதிக்கும், சும்மா சூடு இல்லை, நிஜமாவே கொதிச்சு தெறிக்கும், கண்ணுல பட்டா கண்ணே போயிரும். கண்ணாடி, கையுறை இல்லாம யாரும் கிட்ட போகாதீங்க, பிள்ளைங்களை மாடிக்கே விடாதீங்க, பிளாஸ்டிக் பக்கெட் வேண்டவே வேண்டாம். வெயில் தாழ்ந்த பிறகு தளத்தை நனைச்சுட்டு ஒரு கோட்டு, இப்படி மூணு நாள்ல மூணு கோட்டு. ஒரு ஆள் கூலியும் சேத்து மொத்தம் 3,200 ரூபா ஆச்சு.

கடையில ஒரு சாதா தெர்மாமீட்டர் வாங்கி அம்மா ரூம்ல மாட்டியிருந்தேன். அடிக்கிறதுக்கு முன்னாடி ராத்திரி ஒன்பது மணிக்கு 37 காட்டினது, அதே மாதிரி வெயில் அடிச்ச ஒரு நாள், அடிச்ச பிறகு, 34 காட்டினது. மூணு டிகிரிதானேன்னு தோணும், ஆனா அந்த மூணு டிகிரியில அம்மா மேலயே தூங்கினாங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு மாடியில வெறுங்காலோட நடக்க முடிஞ்சுது, அதுக்கு முன்னாடி செருப்பு போட்டே நிக்க முடியாது. ஏசி இதுவரைக்கும் வாங்கல. மழைக்காலத்துல சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமா கரையும், அதனால வருஷா வருஷம் பங்குனியில ஒரு கோட்டு அடிக்கணும், அதையும் கணக்குல வச்சுக்கங்க.

அதே சூட்டுல மூணு ஃபேனை பிஎல்டிசி ஃபேனா (கரண்ட் கம்மியா இழுக்கிற மோட்டார் வச்சது) மாத்தினோம். பழைய ஃபேன் 75 வாட்ஸ், இது 30 தான். நாளைக்கு 12 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு ஒரு ஃபேனுக்கே 32 யூனிட் மிச்சம், மூணுக்கும் சேத்தா 97 யூனிட்டுக்கு கிட்ட வந்துரும். 500 யூனிட்டை தாண்டினா ஸ்லாப் மாறி பில்லு எகிறும்னு பயந்து ரீடிங் எடுக்கிற நாள் வரைக்கும் மீட்டரையே பாத்துட்டு இருக்கிற வீடுகளுக்கு இது பெரிய விஷயம். சோலாருக்கு 2024லேர்ந்து மத்திய அரசு மானியம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா தர்றாங்க, நல்ல திட்டம், ஆனா முதல்ல வீட்டோட தேவையைக் குறைச்சுட்டு அப்புறமா அதுக்கு போங்கன்னுதான் சொல்வேன்.

அடுத்தது ஓதம், அதான் சுவர்ல ஏறுற ஈரம். கீழ வடக்கு ரூம் சுவர் ரெண்டடி உயரத்துக்கு பொரிஞ்சு கொட்டிக்கிட்டே இருந்துச்சு. அங்கதான் தம்பி பையன் படுப்பான், மார்கழி வந்தா அவனுக்கு இழுப்பு. ஒரு கான்ட்ராக்டர் வந்து உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பூசி, பட்டி பாத்து, பெயிண்ட் அடிச்சு 18,000 வாங்கிட்டு போனார், ஆறே மாசத்துல அதே இடத்துல மறுபடியும் உப்பு பூத்துச்சு. காரணம் உள்ள இல்லவே இல்லை. எங்க தெருவுல ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழசை சுரண்டாம மேலயே போட்டு போட்டு இன்னைக்கு ரோடு எங்க பேஸ்மட்டத்துக்கு சமமா வந்துருச்சு. மழைத் தண்ணி சுவரோரமா தேங்கி செங்கல் வழியா மேல ஏறுது. உள்ள பட்டியும் பெயிண்டும் போட்டு அடைச்சா அந்த ஈரம் வெளிய போக வழியில்லாம இன்னும் மேல ஏறும், அவ்வளவுதான். சுவரோரம் மண்ணை எடுத்து, தண்ணி வெளிய ஓட வாட்டம் குடுத்து, மழைநீர் தொட்டிக்கு போற குழாயை சரி பண்ணினோம் (2003ல எல்லாரும் கட்டாயமா வச்சோமே, அந்த தொட்டிதான், உள்ள மண்ணு அடைச்சு கெடந்துச்சு). உள்ள மூணடிக்கு சிமெண்ட் பூச்சை கொத்தி எடுத்துட்டு ரெண்டு மாசம் சும்மா காயவிட்டு, அப்புறம் சுண்ணாம்பு பூச்சு, சுண்ணாம்பு வெள்ளை. சுண்ணாம்பு ஈரத்தை அடைச்சு வைக்காது, வெளிய விட்டுரும். இந்த மார்கழி பிள்ளைக்கு ரெண்டு தடவைதான் இழுத்துச்சு, அதுக்கு முந்தின வருஷம் எத்தனை தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்னு கணக்கே இல்லை. சுவர் மட்டும்தான் காரணம்னு சொல்ல நான் டாக்டர் இல்லை, ஆனா அந்த ரூம்ல இப்போ பூஞ்சை வாடை இல்லை.

இதெல்லாம் பாத்துட்டுதான் தம்பி முசிறி பக்கம் கட்டுற வீட்டை வேற மாதிரி ஆரம்பிச்சான். லாரி பேக்கர்னு ஒருத்தர், 1917ல இங்கிலாந்துல பொறந்து, நம்ம நாட்டுக்கு வந்து, 2007ல திருவனந்தபுரத்துல காலமாகுற வரைக்கும் குறைஞ்ச செலவுல வீடு கட்டிக் காட்டினவர். அவர் பரப்பின எலிப்பொறி கட்டுதான் தம்பி வீட்டு சுவர். செங்கலை படுக்க வைக்காம பக்கவாட்டுல நிறுத்தி அடுக்குவாங்க, சுவர் அதே ஒன்பது இஞ்ச்தான், ஆனா நடுவுல வெத்திடம் இருக்கும். செங்கல் நாலுல ஒரு பங்கு மிச்சம், உள்ள நிக்கிற காத்து சூட்டை சட்டுனு உள்ள விடாது. எங்க மேஸ்திரி முதல்ல ஒத்துக்கவே இல்லை, "தம்பி, சுவருக்குள்ள சந்து விட்டா எலி, பாம்பு எல்லாம் குடி வந்துரும்"னார். அடி வரிசை, ஜன்னல் கீழ் வரிசை, ஜன்னல், கதவுக்கு மேல வர்ற லிண்டல் வரிசை எல்லாம் கெட்டியாத்தான் கட்டுவோம், சந்துக்கு எங்கயும் வாசல் இருக்காதுன்னு இன்ஜினியர் வரைஞ்சு காட்டின பிறகுதான் கரண்டியை எடுத்தார். செங்கல் ஒரே அளவா இருக்கணும், அதுக்காக தம்பி சூளை சூளையா அலைஞ்சான், சுவிட்ச் பாக்ஸ், பைப் எங்க வரும்னு முன்னாடியே முடிவு பண்ணணும், பின்னாடி கொத்த முடியாது.

தளத்துக்கு ஃபில்லர் ஸ்லாப். காங்கிரீட்டோட அடிப்பாகத்துல இழுவையை தாங்குறது கம்பிதான், அங்க இருக்கிற காங்கிரீட்டுக்கு பெருசா வேலை இல்லை, அதனால கம்பிக்கு நடுவுல சீமை ஓட்டை வச்சு நெரப்பிடலாம். ஒரு பழைய வீட்டை இடிச்ச இடத்துல ஓடு கெடைச்சுது, ரெண்டு ரெண்டா கவுத்து, நடுவுல காத்து நிக்கிற மாதிரி, தண்ணியில ஊறவச்சு அடுக்கினாங்க. இதை இன்ஜினியர் கணக்கு போடாம யாரும் தானா முயற்சி பண்ணாதீங்க, தலைக்கு மேல நிக்கிற விஷயம். மேக்கு பக்கம் படிக்கட்டையும் பாத்ரூமையும் வச்சாச்சு, எல்லா ரூம்லயும் மேல வெண்டிலேட்டர் விட்டாச்சு, இப்போ ஏசியை நம்பி அதை யாருமே வைக்கிறதில்லை, எனக்கு அது தாங்கவே மாட்டேங்குது, சூடான காத்து மேலதானே போகும், அது போக ஒரு வழி வேணாமா.

போன வாரம் தளத்துக்கு முட்டு குடுத்திருந்த சென்ட்ரிங் பலகையைப் பிரிச்சாங்க. அம்மாவைக் கூட்டிட்டு போயிருந்தோம். பலகையை இறக்க இறக்க ஓட்டோட அடிப்பக்கம் செவசெவன்னு வரிசையா தெரிஞ்சுது, சிமெண்ட் ஒழுகின இடத்தை மட்டும் சித்தாள் ஒரு துணியால துடைச்சுட்டு வந்தாங்க. அம்மா கொஞ்ச நேரம் அண்ணாந்து பாத்துட்டே நின்னுட்டு தம்பிகிட்ட சொன்னாங்க, "இதுக்கு பூச்சு கீச்சுன்னு ஒண்ணும் பண்ணிராதடா, இப்படியே விடு".