கொம்பைக் கடைசியில் எழுதும் பையன்

உயர்தர முடிவு வந்த கையோடு பக்கத்து வளவுப் பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "அக்கா, கல்வியியற் கல்லூரிக்குப் போடலாமா, இல்லாட்டி வெளிவாரிப் பட்டம் செய்யலாமா?" என்று கேட்டார்கள். முதலாவது அரசாங்கம் ஆசிரியர்களைப் பயிற்றும் இடம், மற்றது வளாகத்துக்குப் போகாமல் வெளியில் நின்று படித்து எடுக்கும் பட்டம். தேத்தண்ணி ஆறும்வரை கதைத்தேன். அன்று சொல்லி முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் 2017 ஆகஸ்டில் உயர்தரம் எழுதினேன், கலைப்பிரிவு. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டேன். அப்பா ஒரு வாரம் பேசவில்லை. அம்மம்மாதான் "டீச்சர் வேலைக்கு என்ன குறை?" என்று கேட்டு வீட்டை நிமிர்த்தினார். விண்ணப்பம் கோரும் அரச அறிவித்தலான வர்த்தமானி வந்ததும் விண்ணப்பம் போட்டேன். ஒரே அமர்வில் மூன்று பாடமும் சித்தி, சாதாரண தரத்தில் தாய்மொழியும் கணிதமும் உட்படத் தேவையான சித்திகள், வயது எல்லை, திருமணம் ஆகாதிருத்தல், இவை எல்லாம் அதில் இருந்தன. நிபந்தனைகள் வர்த்தமானிக்கு வர்த்தமானி மாறக்கூடியவை. அதனால் என் கதையை நம்பாமல் உங்கள் வருட வர்த்தமானியை வரிக்கு வரி வாசியுங்கள். தெரிவு இஸட் புள்ளியை (உயர்தரப் பாடப் புள்ளிகளைச் சமப்படுத்திக் கணிக்கும் புள்ளி) வைத்து நடக்கும், அதன் பிறகு நேர்முகம்.

நேர்முகத்தில் என்ன கேட்பார்கள் என்று எல்லாரும் பயப்படுவார்கள். என்னிடம் அதிகம் கேட்டது கடதாசிகளைத்தான். என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு விதம், பரீட்சைச் சான்றிதழில் இன்னொரு விதம். ஒரே ஒரு 'ட்' தான் வித்தியாசம். அதைச் சரிப்படுத்த ஓர் அலுவலகத்துக்கு மூன்று தரம் போனேன். முதல் நாள் உரிய உத்தியோகத்தர் லீவு, இரண்டாம் நாள் முத்திரை இல்லை, மூன்றாம் நாள் "இதுக்கு இங்க வரத் தேவையில்லையே, சமாதான நீதவானிட்ட ஒரு சத்தியக்கடதாசி முடிச்சாப் போதும்" என்றார்கள். முதல் நாளே அதைச் சொல்லியிருக்கலாம். வெளியே பஸ் ஸ்ராண்ட் பக்கம் வந்து நின்றால், திருகோணமலை மான்கள் வழக்கம்போல வாழைப்பழத் தோலுக்குக் காத்து நிற்கின்றன. அவற்றுக்கு வதிவிடச் சான்றிதழ் தேவையில்லை என்று நினைத்துச் சிரித்தேன். கிராம சேவகர் தந்த வதிவிடம், வாக்காளர் இடாப்புப் பிரதி, நற்சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில், மூன்று மூன்று பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஐந்தாறு இடத்தில் அதே ஃபைல்தான் கேட்கப்படும்.

எனக்குக் கிடைத்தது ஆரம்பக்கல்வி, அதாவது தரம் 1 முதல் 5 வரை படிப்பிக்கிற பயிற்சி. மட்டக்களப்பில் தாழங்குடா. திருகோணமலை மாவட்டத்துக்குள் கல்வியியற் கல்லூரி இல்லாததால் எங்கள் பிள்ளைகள் மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை, வவுனியா, யாழ்ப்பாணம் என்று எங்காவது போகத்தான் வேண்டும். கிண்ணியாப் பாலம், மூதூர், வெருகல், வாகரை என்று கடலோரமாகவே பஸ் ஓடும். முன்பு இந்தப் பாதையில் துறைக்குத் துறை இறங்கிப் படகு மாறித்தான் போவார்கள் என்று அம்மா சொல்லுவா. நான் போன காலத்தில் எல்லா இடத்திலும் பாலம் இருந்தது, ஆனாலும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் இருப்பது சும்மா இல்லை.

படிப்பு மூன்று வருடம். இரண்டு வருடம் விடுதியில் நின்று படிக்க வேண்டும், மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் நின்று படிப்பித்துப் பழகும் கட்டுறு பயில்வு. அது முடிந்துதான் தேசிய கற்பித்தல் டிப்ளோமா. கல்லூரி நாட்களைப் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் எந்த விடுதியிலும் நடப்பதுதான் அங்கும். ஐந்து மணிக்கு எழும்பி, வரிசையில் குளித்து, ஆறு ஊசி குத்திச் சேலை கட்டி ஓடுவது. முதல் கிழமை என் சேலையைக் கட்டிவிட்டது சம்மாந்துறைப் பிள்ளை ஒருத்தி. அவளுக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன். பிறகு கொரோனா வந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாதி உளவியலை வீட்டு முற்றத்தில், சிக்னல் வருகிற பலா மரத்துக்குக் கீழே ஸூமில் படித்தேன். உளவியலாளர் வைகொட்ஸ்கியின் 'அண்மை விருத்தி வலயம்' என்று விரிவுரையாளர் சொன்னபோது, எனக்கு வலயம் என்றால் திருகோணமலை, மூதூர், கிண்ணியா, கந்தளாய், திருகோணமலை வடக்கு என்ற ஐந்து கல்வி வலயங்கள்தான் ஞாபகம் வந்தன. ஒரு பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதற்கும், தெரிந்த ஒருவர் கை கொடுத்தால் செய்யக்கூடியதற்கும் இடையிலே இருக்கிற தூரம்தான் அவர் சொன்ன வலயம். பரீட்சைக்காகப் பாடமாக்கினேன். விளங்கியது பிறகுதான்.

நுண்கற்பித்தல் என்று ஒன்று உண்டு. கூடப் படிக்கிறவர்களைச் சின்னப் பிள்ளைகளாக நினைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் படிப்பிக்க வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பெடியன் தரம் 2 பிள்ளையாக நடித்து, "டீச்சர், ஒண்டுக்கு" என்று கை உயர்த்துவான். சிரித்தால் புள்ளி போகும். வேடிக்கையாகத்தான் இருந்தது, ஆனால் கரும்பலகைக்கு முதுகைக் காட்டிப் பேசாமல் இருக்கப் பழகியது அங்கேதான். பாடக்குறிப்பு எழுதி எழுதிக் கை வீங்கியது. தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற் பேறு, ஈடுபடல், ஆராய்தல், விளக்கல்... ஒரு நாற்பது நிமிடப் பாடத்துக்கு நாலு பக்கம். உண்மையைச் சொன்னால், அதில் பாதி விரிவுரையாளருக்காக எழுதுவது. மற்றப் பாதி தேவைதான்.

கட்டுறு பயில்வுக்கு 2022இல் சொந்த மாவட்டத்துக்கே வந்தேன். மூதூருக்குத் தெற்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் சின்னப் பாடசாலை. முதலாம் தரத்திலிருந்து பதினோராம் தரம்வரை வகுப்புகள், ஆசிரியர்கள் போதாது. பின்வேலியை இரவில் யானை மிதித்துவிட்டுப் போகும். தங்கியது ஓர் ஆச்சி வீட்டில். அது நாட்டின் பொருளாதார நெருக்கடி வருடம், உங்களுக்கே தெரியும். பெற்றோல் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை. பேப்பர் விலை ஏறி, ஒரு கொப்பி வாங்க யோசிக்கிற நிலைமை. ஜூலைக் கடைசியில் பாடசாலையே கிழமைக்கு மூன்று நாள்தான். நான் ஆச்சியின் பழைய சைக்கிளில், சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு போவேன்.

எனக்குத் தந்தது தரம் 3. முதல் மாதம் முடிய முதலே அதிபர் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"மிஸ், ஆறாம் வகுப்புக் கணிதத்துக்கு ஆளில்ல. நீங்க கொஞ்சம் பார்த்துக்கொள்ளுவீங்களா?"

"சேர், நான் ஆரம்பப் பிரிவு..."

"அதுதான் நல்லம்" என்றார். அப்போது அது எனக்குக் கிண்டலாகப் பட்டது.

கனிஷ்ட இடைநிலை என்பது 6 முதல் 9 வரை. அதற்குப் பாடத்துக்கொரு ஆசிரியர் வர வேண்டும், அவர்களுக்கான பயிற்சியும் வேறு. நான் தயங்கியதில் பிழையில்லை. முதல் நாள் பின்னங்கள் படிப்பித்தேன். கேக் கீறினேன், நாலாகப் பிரித்தேன், பிள்ளைகள் தலையாட்டினார்கள். கணக்கை வசனமாக எழுதிக் கொடுத்ததும் வகுப்பு அமைதியாகிவிட்டது. மூன்றாம் வரிசையில் ஒரு பையன் மட்டும் கரும்பலகையில் இருந்ததை அவ்வளவு அழகாகக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தான். கையெழுத்து முத்து முத்தாக. கிட்டப் போய் நின்று பார்த்தேன்.

'மேசை' என்ற சொல்லை அவன் எழுதிய விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முதலில் 'ம'. பிறகு ஓர் இடைவெளி விட்டு 'ச'. அதன் பிறகு திரும்பி வந்து 'ம'வுக்கு முன்னால் கொம்பைப் போட்டான். கடைசியாக 'ச'வுக்கு முன்னால் இணைக்கொம்பை வளைத்தான். அவன் எழுதவில்லை, படம் கீறிக்கொண்டிருந்தான். "இதை வாசி பாப்பம்" என்றேன். பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றான். பக்கத்துப் பிள்ளை, "டீச்சர், அவன் வாசிக்க மாட்டான், நல்லா எழுதுவான்" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள், அவன் கறுப்பு என்றோ உயரம் என்றோ சொல்வதுபோல.

அன்று பின்னேரம் வகுப்பு முழுக்க வாசிக்க வைத்துப் பார்த்தேன். அவனைப்போல இன்னும் ஐந்து பேர். கணக்குத் தெரியாமல் இல்லை. மீனை ஐந்தாகப் பங்கு போடச் சொன்னால் என்னைவிட வேகமாகப் போடுவார்கள். வசனம்தான் மறித்து நின்றது. கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியிருந்தபோது இவர்கள் நாலாம் வகுப்புப் பிள்ளைகள். ஆனால் எல்லாவற்றையும் கொரோனாவில் போட முடியாது. இவன் அதற்கு முதலே தப்பி வந்திருக்கிறான். அழகான கொப்பி இருந்தால் யாரும் வாசிக்கச் சொல்லிக் கேட்பதில்லை.

சரி, எனக்குத் தெரிந்ததைச் செய்வோம் என்று தொடங்கினேன். தரம் 1, 2க்குப் பழகிய முறையேதான், ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் போய் 'அம்மா, ஆடு' என்று தொடங்க முடியாது. வெட்கப்பட்டு ஓடிவிடுவான். அவனுடைய அப்பா கரைவலைக்காரர். காலையில் வலை இழுத்துவிட்டுத்தான் பையன் பள்ளிக்கு வருவான், காற்சட்டையில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருக்கும். பழைய கலண்டரின் பின்பக்கத்தை வெட்டி அட்டை செய்தேன். வலை, மடி, கயிறு, தோணி, சாளை, பாரை. கொம்பு, இணைக்கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி அட்டை. கொம்புதான் பெரிய சிக்கல். எழுத்துக்கு முன்னால் நிற்கும், சத்தம் பின்னால் வரும். இடமிருந்து வலமாக வாசிக்கிற பிள்ளைக்கு அது அநியாயம்தான். 'தோணி'யில் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், இடையில் 'த'.

"டீச்சர், இது ரெண்டு பேர் பிடிச்ச வலை மாதிரி" என்றான் அவன். நான் அப்படி யோசித்ததே இல்லை. அதற்குப் பிறகு அந்த ஆறு பேருக்கும் ஒகர ஓகாரம் 'ரெண்டு பேர் பிடிக்கிற எழுத்து'.

இடைவேளையில் இருபது நிமிடம், பள்ளி நடக்கிற நாட்களில் மட்டும். வகுப்பறைச் சிக்கல் ஒன்றை எடுத்துச் செய்ய வேண்டிய என் செயல்நிலை ஆய்வும் இதுதான் என்று முடிவெடுத்தேன். மேற்பார்வைக்கு வந்த விரிவுரையாளர் பின்வாங்கில் இருந்து தரம் 3 பாடத்தைப் பார்த்தார், பாடக்குறிப்பில் இரண்டு இடத்தில் சிவப்பு மையால் கீறினார். பிறகு கலண்டர் அட்டைகளைக் கையில் எடுத்துக் கனநேரம் வைத்திருந்தார். "இதை ஏன் பாடக்குறிப்பில எழுதேல்ல?" என்று கேட்டார். எந்தத் தரத்துக்கென்று எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் சிரித்தார்.

எல்லாரும் வாசித்தார்கள் என்று எழுத ஆசைதான். நாலு பேர் வசனம் வாசிக்கிற அளவுக்கு வந்தார்கள். ஒருத்தி இடையில் மாமி வீட்டுக்கு வாழைச்சேனைக்குப் போய்விட்டாள். ஒருவன் கடைசிவரை சொல்லோடு நின்றான். அழகாக எழுதும் பையன் வாசிக்கத் தொடங்கியதும் அவன் கையெழுத்துக் கெட்டுப்போனது. தாய் வந்து, "என்ன டீச்சர், முந்தி எவ்வளவு வடிவா எழுதினவன், இப்ப கோழி கிண்டினமாதிரி இருக்கு" என்று முறைப்பட்டார். அவனைக் கூப்பிட்டு, கரும்பலகையில் இருந்த கணக்கை வாசிக்கச் சொன்னேன். எழுத்துக்கூட்டி, இரண்டு இடத்தில் தடக்கி, வாசித்து முடித்தான். தாய் ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது ஒரு சரை கருவாடு தந்துவிட்டுப் போனார்.

பிறகு டிப்ளோமாப் பரீட்சை, முடிவுக்குக் காத்திருப்பு, நியமனத்துக்குக் காத்திருப்பு. இந்தக் காத்திருப்பைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லுவதில்லை. ஆறு பிள்ளைகளுக்கு வீட்டில் ரியூசன் சொல்லிக்கொடுத்து, பஸ் காசுக்கு அப்பாவிடம் கை நீட்டாமல் சமாளித்தேன். பக்கத்து வளவுப் பிள்ளைகளுக்கு நான் அழுத்திச் சொன்னது இதைத்தான்: மூன்று வருடம் என்று கணக்குப் போடாதீர்கள். உயர்தரம் எழுதிய நாளிலிருந்து கடிதம் கையில் கிடைக்கும்வரை எனக்கு ஆறு வருடத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்த நேரத்துக்குள் ஒரு வெளிவாரிப் பட்டம் முடிந்திருக்கும், உண்மைதான். ஆனால் பட்டத்தோடு வந்து முதல் நாள் வகுப்பில் கைகால் நடுங்கி நின்றவர்களையும் கண்டிருக்கிறேன்.

2023இல் நியமனம் கிடைத்தது. குச்சவெளிப் பக்கம். பழைய ஃபைலைத் தூக்கிக்கொண்டு போனேன், அதே 'ட்' பற்றி மறுபடி ஒருவர் கேட்டார், சத்தியக்கடதாசியை எடுத்து வைத்தேன். பாடசாலையில் அதிபர் கடிதத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆரம்பக்கல்வியா மிஸ்? நல்லம். ஆறு, ஏழில வாசிக்கத் தெரியாத பெடியள் கொஞ்சப் பேர் இருக்காங்க..."

பையின் அடியில் கலண்டர் அட்டைகள் ரப்பர் பட்டி போட்டபடி கிடந்தன. 'தோ' அட்டையில் யாரோ கொம்பிலிருந்து காலுக்கு ஒரு வலை கீறி, நடுவிலே ஒரு மீனும் போட்டிருந்தார்கள்.